கிளச் சிலிண்டரை மாற்றிப் போடுதல்: எது பொருந்தும், எது நடுவழியில் விடும்?

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கையில் இருந்த வாகனத்தை எப்படியாவது ஓட வைப்பதே எல்லோருக்கும் வேலையாக இருந்தது. இப்போது கதவு திறந்துவிட்டது என்கிறார்கள். வரியையும் விலையையும் பார்த்தால், பழைய டவுன்ஏஸையோ வனெற்றையோ வைத்து மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்தக் கதவு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

வடக்குக்கு இந்த நிலை புதிதல்ல. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சிறிதளவு பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை எமக்கு முந்தைய தலைமுறை நன்றாக அறியும். 2002 இல் பாதை திறந்தபோது தெற்கிலிருந்து உதிரிப்பாகங்கள் வந்தன. 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 மூடப்பட்டதும் வன்னி மீண்டும் பழைய நிலைக்கே போனது. ஒரு வாகனத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது அந்தக் காலத்தில் கெட்டித்தனம் அல்ல, வேறு வழி இல்லாமை. அந்தக் கைப்பழக்கம் இன்றும் எமது கராஜ்களில் உயிரோடு இருக்கிறது. ஆனால் பழக்கத்தோடு சேர்ந்து சில பிழையான நம்பிக்கைகளும் தங்கிவிட்டன. கிளச் விடயத்தில் அவை கூடுதலாகவே உள்ளன.

இக்கட்டுரை ஹைட்ரோலிக் கிளச் பாகங்களை வேறு வாகனத்திலிருந்து எடுத்துப் போடுவது பற்றியது. மெக்கானிக் தொழில் செய்பவர்களை விட, வாகனத்தை வைத்திருப்பவர்களையே இது முதலில் நோக்குகிறது. கராஜில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில், உங்கள் வாகனத்தில் இருப்பது ஹைட்ரோலிக் கிளச்தானா?

ஓட்டோவில் இருப்பது கம்பி இழுக்கும் கிளச். மாருதி 800 காரும் அப்படித்தான். மசி பேர்கசன் உழவு இயந்திரத்தின் வழமையான மாதிரிகளில் பெடலிலிருந்து இரும்புத் தண்டு நேரே போகிறது. பழைய மொரிஸ் மைனரிலும் தண்டுதான். இவற்றுக்கு இக்கட்டுரையால் பயனில்லை.

பெரும்பாலான ஜப்பானிய டீசல் வான்கள், சிறிய லொறிகள், ஜீப் வகைகளில் கிளச்சை அழுத்துவது ஒயில். பெடலை மிதித்தால் அதன் பின்னால் உள்ள தண்டு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒயில் மெல்லிய குழாய் வழியாகவும் பின்னர் றப்பர் ஹோஸ் வழியாகவும் கியர்பொக்ஸ் பக்கம் போய், அங்குள்ள சிலேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. அது கிளச் போர்க்கை அசைக்க, போர்க் பேரிங்கைத் தள்ள, பேரிங் பிறஷர் பிளேட்டின் விரல்களை அழுத்த, கிளச் பிளேட் விடுபடுகிறது. இவ்வளவுதான் விடயம்.

சில புதிய வாகனங்களில், குறிப்பாக ஐரோப்பிய மாதிரிகளில், சிலேவ் சிலிண்டர் கியர்பொக்ஸுக்கு உள்ளே பேரிங்கோடு ஒன்றாக இருக்கும். அதை மாற்ற கியர்பொக்ஸையே இறக்க வேண்டும். அந்த வகையில் வேறு வாகனப் பாகம் தேடிப் பரீட்சை செய்வது வீண் வேலை. பிழைத்தால் இறக்கிய கூலியை இரண்டு தடவை கொடுக்க நேரும். வெளியே பூட்டப்பட்ட சிலேவ் சிலிண்டர்தான் எமது கைக்கு எட்டும் சங்கதி.

தோற்றம் ஒன்று, துளை வேறு

பழைய பாகக் கடையில் இரண்டு சிலேவ் சிலிண்டர்களைப் பக்கத்தில் வைத்தால் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். போல்ட் துளைகளும் பொருந்தும். இதைப் போட்டால் சரி என்று பூட்டிவிடுவார்கள். இரண்டு நாளில் ரிவேஸ் கியர் கடகடவென்று அலறத் தொடங்கும்.

காரணம் உள் துளையின் விட்டம். ஜப்பானிய சிலிண்டர்கள் பலவற்றில் இந்த விட்டம் அங்குலத்தில் உடம்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும்: 5/8, 11/16, 3/4, 13/16 என்று. கிறீஸையும் மண்ணையும் கம்பித் தூரிகையால் துடைத்துப் பார்த்தால் தெரியும். மில்லிமீற்றரில் இவை முறையே 15.87, 17.46, 19.05, 20.64. கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். வேர்னியர் அளவுகோல் வேண்டும்.

ஒன்றரை மில்லிமீற்றரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒயில் கணக்கில் எண்ணப்படுவது விட்டமல்ல, பரப்பளவு. விட்டத்தைத் தன்னால் பெருக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு அளவுகளும் பதினாறில் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வரிசையாக இருப்பதால் கணக்கு இலகு.

மாஸ்டர் 5/8, சிலேவ் 3/4 என்று வைத்துக்கொள்வோம். 12 ஐ 10 ஆல் பிரித்தால் 1.2. அதைத் தன்னால் பெருக்கினால் 1.44. மாஸ்டர் பிஸ்டன் 25 மில்லிமீற்றர் உள்ளே போனால் சிலேவ் பிஸ்டன் 25 ஐ 1.44 ஆல் பிரித்த அளவு, அதாவது 17.4 மில்லிமீற்றர் வெளியே வரும். இப்போது அதே இடத்தில் 13/16 சிலேவைப் போடுங்கள். 1.3 இன் பெருக்கம் 1.69. சிலேவ் நகர்வு 14.8 மில்லிமீற்றராகக் குறைந்துவிடுகிறது. 2.6 மில்லிமீற்றர் இழப்பு. போர்க்கின் நெம்புகோல் அளவு இரண்டுக்கு ஒன்று என்றால் பேரிங்கில் 1.3 மில்லிமீற்றர் குறைகிறது. பேரிங் மொத்தமாக நகர்வதே பல வாகனங்களில் ஏறக்குறைய எட்டு, பத்து மில்லிமீற்றர்தான். கிளச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதற்கு இந்தக் குறைவு போதும்.

எதிர்ப்பக்கமாகப் போனால் வேறு தொல்லை. சிலேவ் 11/16 என்றால் விகிதம் 1.21. நகர்வு 20.7 மில்லிமீற்றராகக் கூடும். கிளச் நன்றாக விடுபடும், ஆனால் பெடல் 19 சதவீதம் கனமாகும். அதிகப்படியாகத் தள்ளப்படும் பிறஷர் பிளேட்டின் விரல்கள் உள்ளே தட்டுப்படலாம். சிலேவ் பிஸ்டன் தன் சிலிண்டரை விட்டே வெளியே பாய்ந்து ஒயில் முழுவதும் நிலத்தில் கொட்டியதும் உண்டு. பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மாஸ்டரை மாற்றும்போதும் இதே கணக்குத்தான், திசை மட்டும் மறுபக்கம். மாஸ்டர் பெருத்தால் நகர்வு கூடும், பெடல் கனக்கும். 5/8 மாஸ்டரை எடுத்துவிட்டு 3/4 மாஸ்டரைப் போட்டால் பெடலை 44 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். ஆகவே கடைக்குப் போகும்போது மாஸ்டர், சிலேவ் இரண்டின் அளவையும் எழுதிக்கொண்டு போங்கள். விட்டத்தோடு, மாஸ்டர் பிஸ்டன் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சில மாதிரிகளில் விட்டம் ஒன்றாக இருந்தும் ஓட்டம் குட்டையாக இருக்கும்.

பெடலின் கனம் என்பது சிலருக்குத் தொழிலே

19 சதவீதம், 44 சதவீதம் என்பதை இரண்டு கால்களும் உள்ளவர் ஒரு சலிப்போடு கடந்துவிடுவார். போரில் இடது காலை இழந்து, செயற்கைக் காலோடு வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெடலை அழுத்துவது கணுக்காலோ பாதமோ அல்ல. தொடையும் இடுப்பும்தான். முழங்காலுக்குக் கீழே பூட்டிய காலில் பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது என்ற உணர்வு பாதத்தின் வழியே வராது. மாதக்கணக்கில் பழகிய ஒரு தூரத்தை உடம்பு மனனம் செய்து வைத்திருக்கும். சிலிண்டர் மாறினால் பெடலின் கனமும் மாறும், கிளச் பிடிக்கும் இடமும் மாறும்.

இது கராஜில் யாரும் கேட்காத கேள்வி. நீங்களே சொல்ல வேண்டும். ஒரே அளவுள்ள பாகம் கிடைக்கவில்லை என்றால், அத்தகைய ஒருவருக்குச் சற்றுப் பெரிய சிலேவை எடுத்து, பெடலை இலகுவாக்கி, குறையும் நகர்வைப் பெடல் தண்டைச் சரிசெய்து எவ்வளவு மீட்க முடியும் என்று பார்ப்பது ஒரு வழி. கிளச் இழுக்காத வரைக்கும்தான் இது செல்லும். இழுத்தால், கனமான பெடலை ஏற்பதைவிட, சரியான அளவுள்ள புதிய பாகத்துக்குக் காத்திருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். எந்த மாற்றம் செய்தாலும், ஹயர் போவதற்கு முன்னர் வெறும் வாகனத்தோடு ஆளில்லாத வீதியில் ஒரு நாள் ஓட்டிப் பழகுவது அவசியம்.

பெயர் வேறு, வாகனம் ஒன்று

அளவு பார்க்காமலே ஓரளவு நம்பிக் கேட்கக்கூடிய சோடிகளும் இருக்கின்றன. ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றின் வாகனத்தை இன்னொன்று தன் பெயரில் விற்பது வழமை. 1999 க்குப் பின் வந்த நிசான் வனெற் என்பது உண்மையில் மஸ்தா பொங்கோ. அதே காலத்து மிட்சுபிசி டெலிக்கா சரக்கு வானும் அதே பொங்கோதான். மூன்று பெயர்ப் பலகைகள், ஒரே உடம்பு. வனெற்றுக்குப் பாகம் இல்லை என்று கடையில் கையை விரித்தால் பொங்கோவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ரொயோட்டா டைனாவும் ரொயோஏஸும் இரட்டைகள். 1999 முதல் ஹினோ டுட்ரோவும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. டவுன்ஏஸுக்கும் லைட்ஏஸுக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரிந்ததே. இசுசு எல்ஃப் லொறியைத் தழுவி நிசான் அட்லஸின் சில மாதிரிகளும், 2004 க்குப் பிந்தைய மஸ்தா டைட்டனும் வந்தன.

இரட்டைகளிலும் இயந்திரத்தின் அளவு மாறினால் கிளச் பிளேட்டின் அளவு மாறும், அதோடு சிலிண்டரும் மாறலாம். பெற்றோல் மாதிரிக்கும் டீசல் மாதிரிக்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாகனப் பெயரைவிட, சேசிஸ் இலக்கத்தையும் இயந்திரக் குறியீட்டையும் சொல்லிக் கேட்பது நல்லது. பஞ்சிகாவத்தையில் கடை வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சிலிண்டரைச் செய்தவரின் பெயரையும் பாருங்கள். ஐசின், நப்கோ போன்ற நிறுவனங்கள் பல வாகன நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுப்பவை. வாகனம் வேறாயினும் செய்தவர் ஒருவரே என்றால் உள்ளே போடும் றப்பர் கிட் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த இரட்டைப் பிள்ளை வியாபாரத்தை ஜப்பானியர் கண்டுபிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து வாடகைக் கார் தரிப்பிடங்களை ஒரு காலம் ஆண்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜை எடுங்கள். 1959 இல் வந்த, இத்தாலியப் பாணியில் பின்பக்கச் செதிள் வைத்த மாதிரி ஐந்து பெயர்களில் விற்கப்பட்டது: ஒஸ்ரின், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், வூல்ஸ்லி, றைலி, எம்ஜி மக்னெட். அதே 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரக் குடும்பம் எம்ஜி விளையாட்டுக் கார்களிலும் இருந்தது. தடைக்காலத்தில் கேம்பிரிட்ஜ் தாக்குப்பிடித்ததற்கு இந்த உறவுமுறையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கழற்றி எடுப்பதற்கு ஊரில் இன்னொரு உறவுக்காரக் கார் எங்கேயோ ஒரு கொட்டிலில் நின்றது.

திருகு மரை: அரை மில்லிமீற்றரில் ஓர் ஆபத்து

ஜப்பானிய, ஐரோப்பிய வாகனங்களில் ஒயில் குழாயின் நட் பொதுவாக 10 மில்லிமீற்றர் விட்டம், மரை இடைவெளி 1 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய, அமெரிக்க வாகனங்களில் அது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. 3/8 அங்குலம் என்றால் 9.53 மில்லிமீற்றர். மரை இடைவெளி 1.06. பார்த்தால் ஒன்று, கையால் திருகினாலும் ஒன்று போலவே போகும்.

அங்குல நட்டை மில்லிமீற்றர்த் துளைக்குள் விட்டால் ஓட்டமாக ஏறும், இறுக்கியது போலவும் இருக்கும். உண்மையில் மரையின் நுனிகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பெடலை உதைத்து மிதிக்கையில் கழன்றுவிடும். மற்றப்பக்கமாக, மில்லிமீற்றர் நட்டை அங்குலத் துளைக்குள் சாவியால் முறுக்கி ஏற்றினால் சிலிண்டரின் அலுமினிய மரை நாசமாகும். கையால் நான்கு சுற்றுத் தடையின்றி ஏறாத, அல்லது ஏறும்போது பக்கவாட்டில் ஆடும் நட் உங்களுடையதல்ல.

குழாய் நுனியின் வாய்விரிப்பிலும் இரண்டு வகை உண்டு. ஜப்பானியக் குழாய்களில் இரட்டை மடிப்புக் கூம்பு, பல ஐரோப்பிய வாகனங்களில் குமிழ் போன்ற வாய். ஒன்றின் இருக்கையில் மற்றது பொருந்தாது. தெஃப்லோன் ரேப் சுற்றி இறுக்குவது தண்ணீர்க் குழாய் வேலை. இங்கே அடைப்பது மரையல்ல, உலோகத்தில் உலோகம் அமரும் இருக்கை.

குழாயே போய்விட்டால், குளிர்சாதனப் பெட்டிக்குப் பாவிக்கும் வெறும் செப்புக் குழாய் வளைக்க இலகு என்று அதைப் போட ஆசை வரும். அதிர்வில் அது இறுகி, வெடித்துவிடும். பிரேக்குக்கு என்று விற்கும் எஃகுக் குழாய் அல்லது செப்பு-நிக்கல் குழாய்தான் வேண்டும். றப்பர் ஹோஸும் அப்படியே. பிரேக் ஹோஸ் பாவிக்கலாம், எரிபொருள் ஹோஸ் கூடவே கூடாது.

கழுவியதால் கெட்டது

கராஜில் எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் கழுவுவது எமது ஊர் வழக்கம். சிலிண்டரின் றப்பருக்கு அது நஞ்சு. பெற்றோல், டீசல், இயந்திர ஒயில், உழவு இயந்திர ஹைட்ரோலிக் ஒயில் எல்லாமே அந்த றப்பரை ஊத வைக்கும். ஊதிய றப்பர் பிஸ்டனைத் திரும்பி வர விடாது. பெடல் கீழேயே தங்கும் அல்லது கிளச் எப்போதும் பாதி அழுத்தியபடியே இருந்து எரியும். கழுவுவதற்குப் புதிய பிரேக் ஒயில் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட் போதும். தவறி வேறு ஒயில் ஊற்றப்பட்டிருந்தால் ஒயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. மாஸ்டர், சிலேவ் இரண்டின் றப்பரும் ஹோஸும் போக வேண்டும்.

பிரேக் ஒயிலில் டொட் 3, டொட் 4 இரண்டையும் கலக்கலாம். டொட் 3 இன் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை, டொட் 4 க்கு 230. ஈரம் உறிஞ்சியபின் அவை 140, 155 என்று இறங்கிவிடும். டொட் 5 என்று எழுதியது சிலிக்கன் வகை, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டொட் 5.1 பெயரில் கிட்ட இருந்தாலும் சிலிக்கன் அல்ல, கலக்கலாம். மிக ஆரம்ப காலத்தில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்துதான் பிரேக் ஒயில் செய்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இன்றைய சிலிண்டருக்குள் ஆமணக்கெண்ணெய் ஊற்ற வேண்டாம். இன்றைய றப்பர் வேறு.

மூடி திறந்து வைத்த போத்தலில் உள்ள ஒயில் எமது மாரிகால ஈரத்தைக் குடித்துவிடும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைப்பது சிக்கனமல்ல.

பூட்டும்போது

வேறு வாகனத்துச் சிலேவ் உங்கள் கியர்பொக்ஸில் சரியாக அமராவிட்டால் துளையை நீட்டி அல்லது இடையில் ஒரு தகடு வைத்துப் பூட்டுவார்கள். செய்யலாம். ஆனால் தள்ளு தண்டு நேர்கோட்டில் இருக்க வேண்டும். சரிந்து தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரைத் தேய்க்கும், சில மாதங்களில் துளை முட்டை வடிவாகும்.

தண்டின் நீளம் அடுத்தது. கிளச் பிளேட் தேயத் தேய பிறஷர் பிளேட்டின் விரல்கள் பின்னே வரும், அவற்றோடு சிலேவ் பிஸ்டனும் உள்ளே போகும். பூட்டும்போதே பிஸ்டன் அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பிறகு போக இடமிராது, கிளச் வழுக்கும். நீளமான தண்டை வெட்டிக் குறைப்பதற்கு முன்னர், பிஸ்டனைக் கையால் முழுதாக உள்ளே தள்ளி எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்து பாருங்கள். குட்டையான தண்டும் கூடாது, பிஸ்டன் வெளியே பாயும்.

சில சிலேவ்களின் தண்டு நட் போட்டுச் சரிசெய்யக்கூடியது, போர்க்கைப் பின்னுக்கு இழுக்க வெளியே ஒரு ஸ்பிரிங் இருக்கும். வேறு சிலவற்றில் ஸ்பிரிங் சிலிண்டருக்கு உள்ளே, பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டபடி சுழலும். இரண்டையும் குழப்பக் கூடாது. முதல் வகைக்கு என்று செய்த பேரிங் எந்நேரமும் சுழன்றால் நீடிக்காது.

பிறகு காற்று எடுத்தல். இதில் அதிகம் ஏமாறுவது வேறு பக்கம் பூட்டும் சிலேவைக் கொண்டுவந்து தலைகீழாகப் போடுபவர்கள்தான். காற்று எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும், நிப்பிள் வழியாக ஒயில் மட்டுமே வரும். நாள் முழுவதும் பெடலை மிதித்தாலும் பிடிப்பு வராது, மாஸ்டர் போய்விட்டது என்று அதையும் மாற்றச் சொல்வார்கள். சிலேவைக் கழற்றி, நிப்பிள் மேலே பார்க்கும்படி கையில் பிடித்து, பிஸ்டன் வெளியே வராமல் அழுத்தி வைத்துக்கொண்டு காற்றை எடுத்தபின் பூட்டினால் பிரச்சினை முடிந்தது.

மாஸ்டர் பக்கத்தில் கவனிக்க ஒன்று. பெடல் முழுதாக மேலே இருக்கையில் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தளர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியபடியே இருக்கும். ஓடி ஓடிச் சூடேறிய ஒயில் விரிந்து, போக வழியின்றி கிளச்சைத் தானே அழுத்தும். காலையில் நன்றாக ஓடிய வாகனம் முறிகண்டியைக் கடக்கும்போது வழுக்கத் தொடங்குகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தளர்வை. பலர் நேரே கிளச் பிளேட்டை மாற்றிவிடுகிறார்கள்.

பிரேக் பாகத்தைக் கிளச்சுக்குப் போடலாமா?

தேவைக்குப் போடுகிறார்கள். பழைய ட்ரம் பிரேக் மாஸ்டர்கள் சிலவற்றின் வாயில் ஒரு சிறு வால்வு இருக்கும். பெடலை விட்டபிறகும் குழாயில் சிறிது அழுத்தம் நிற்கும்படி செய்வது அதன் வேலை. ட்ரம் பிரேக்குக்கு அது நல்லது. கிளச்சுக்கு அது பேரிங்கை எந்நேரமும் அழுத்தி வைக்கும். அதை எடுக்காமல் போடக் கூடாது.

மறுபக்கமான தவறு உயிரோடு விளையாடுவது. கிளச் மாஸ்டரையோ கிளச்சுக்கு ஒப்பேற்றிய குழாயையோ பிரேக்குக்குப் போடவே வேண்டாம். கிளச் போனால் வாகனம் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் போனால் நிற்காது. பல வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒயில் தொட்டி ஒன்றே என்பதையும் மறக்கக் கூடாது. கிளச் குழாய் பொதுவாக உயரத்திலிருந்து புறப்படுவதால் அது ஒழுகினாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் கிளச் சிலேவ் ஒழுகுவதை ஒவ்வொரு நாளும் ஒயில் விட்டுச் சமாளித்துக்கொண்டு பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓடுவது சரியல்ல.

லேத்தில் பிழைக்கும் சிலிண்டர்

மாற்றுப் பாகம் தேடுவதற்கு முன்னர் பழையதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பது நல்லது. உள்ளே மெல்லிய கறை மட்டும் என்றால் மிக நைசான எமரித் தாளால் சுற்றுவாட்டில் துடைத்து, புதிய கிட் போடலாம். விரல் நகம் தட்டும் குழி இருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, ஒழுகும். தேய்த்துத் தேய்த்துக் குழியை எடுத்தால் துளை பெருத்து றப்பர் தளர்ந்துவிடும். அந்த நிலையில் துளையைப் பெரிதாகக் கடைந்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கி, பழைய அளவுக்கே கடைவது சரியான வேலை. நல்ல லேத்காரர் அமைந்தால் அது புதியதை விட நீடிக்கும். பழைய அளவு என்ன என்பதை அவரிடம் எழுதிக் கொடுங்கள். ஒயில் வரும் சிறு துளைகளை ஸ்லீவில் மீண்டும் போட்டு, அவற்றின் விளிம்பை மழுக்கியிருக்கிறாரா என்றும் பாருங்கள். கூரான விளிம்பு புதிய றப்பரை முதல் மிதியிலேயே வெட்டிவிடும்.

வேலை முடிந்ததும் பரீட்சிப்பது இலகு. இயந்திரத்தை ஓடவிட்டு, கியரில்லாமல் பெடலை முழுதாக மிதித்து, நான்கு எண்ணும் வரை பொறுத்து ரிவேஸைப் போடுங்கள். பெரும்பாலான வாகனங்களில் ரிவேஸுக்குச் சுழற்சியைச் சமப்படுத்தும் வளையம் இல்லாததால் கிளச் சிறிது இழுத்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். சத்தமின்றி விழுந்தால் நகர்வு போதும். பிறகு வாகனத்தை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, மூன்றாம் கியரில் ஏற்றமாக அழுத்திப் பாருங்கள். இயந்திரம் மட்டும் வேகமெடுத்து வாகனம் பின்தங்கினால் வழுக்குகிறது. கடைசியாக, பெடலை ஒரு நிமிடம் மிதித்தபடியே வைத்திருந்து, சிலேவின் றப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருக்கக் கூடாது.

போட்டது எந்த வாகனத்தின் பாகம், உள் விட்டம் எவ்வளவு, எந்தக் கிட், எத்தனையாவது கிலோமீற்றரில் போட்டது என்பதை ஒரு மட்டையில் எழுதி வாகனப் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கிளச் போவது உங்கள் ஊரில் இருக்காது. தம்புள்ளையில், இரவு இரண்டு மணிக்கு, மரக்கறி ஏற்றியபடி நிற்கும்போது, முன்பின் தெரியாத மெக்கானிக் ஒருவர் வனெற்றுக்கு உரிய கிட்டைத் தேடிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பது வேறொன்று என்று சொல்ல அந்த மட்டை மட்டுமே இருக்கும்.